ஜனவரி ஒன்று

எங்கள் அலுவலகத்தில் எல்லாரும்
ஜனவரி ஒன்றாம் தேதிதான் பிறந்தார்கள்.
சென்ற ஆண்டு மட்டும் நானூற்றுப் பன்னிரண்டு பேரை
அந்த ஒரே விடியலில் பிறப்பித்தேன்,
என் இரண்டு விரல்களால்.

த்ரியெஸ்தே துறைமுகத்தின் பின்தெரு.
போரா காற்று அடிக்கும் நாட்களில்
வரிசை சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.
நாள், மாதம், ஆண்டு: மூன்று கட்டங்கள்.
வெற்றாக விட்டால் கணினி அடுத்த பக்கம் போகாது.
தெரியாதவர்களுக்கு ஒன்று, ஒன்று.
விதியில் இடமுண்டு.
நான் கொடியவன் இல்லை.

அடுத்த சன்னலில் ஒந்தினா.
இடைக்கால மடங்களின் ஆண்டேடுகளை
ஐந்து வருடம் படித்துப் பட்டம் வாங்கியவள்.
"செத்த பாதிரிகள், செத்த மொழி,
கடைசியில் என் சம்பளம்தானே உனக்கும்?" என்பேன்
காபி நேரத்தில்.
அவள் பாட்டுக்குச் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருப்பாள்.

பிப்ரவரியில் அவளிடம் வந்தான் குலாம் சகி,
பாமியான் பக்கத்து மலைக்காரன்.
பிறந்த நாள்?
தோளைக் குலுக்கினான்.
என் விரல்கள் அவளுக்காகத் தாமே ஒன்றைத் தேடின.
அவளோ பேனாவை மூடி வைத்தாள்.

"உன்னைப் பெற்றதைப் பற்றி
உன் அம்மா என்ன சொல்வார்?"
மொழிபெயர்க்கும் ஃபரிபா திரும்பிக் கேட்டாள்,
கேள்வி அதுதானா என்று.

ஆப்ரிகாட் பூத்திருந்ததாம்.
பூவின் மேல் பனி கொட்டி
அந்த வருடம் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லையாம்.
மூன்றாம் நாள் நான்.
பிறகு கோடையில்
பகலிலேயே சூரியன் கறுத்ததாம்.
ஆடுகள் தாமாகத் தொழுவம் திரும்பின.
அம்மா என்னைத் தூக்கக் குனிந்தாள்.
அன்றுதான் முதன்முதலாகக் குப்புற விழுந்திருந்தேனாம்.

வரிசையில் யாரோ இருமினார்கள்.
"என் துறவிகளும் இப்படித்தான்" என்றாள் ஒந்தினா,
என்னிடமா, தனக்கா, தெரியவில்லை.
"மன்னன் நோயில் படுத்த ஆண்டு,
திராட்சை கருகிய வாரம்.
ஆனால் கிரகணம் ஒன்று கிடைத்துவிட்டால்
கயிற்றைக் கட்ட முளை கிடைத்த மாதிரி."
தொண்ணூற்றொன்பது, ஆகஸ்ட் பதினொன்று.
குப்புற விழும் பிள்ளைக்கு நான்கு மாதம்.
அங்கிருந்து பின்னோக்கி நடந்தாள்.
ஏப்ரல்.
பூவும் ஒத்துக்கொண்டது.

நாள்தான் சிக்கவில்லை.
அதை அவனிடமே விட்டாள்.
பதினான்கு என்றான், ஏனென்று சொல்லவில்லை.
சீட்டை வாங்கியவன் அந்த எண்ணைக்
கட்டைவிரலால் தடவினான்,
மை காய்ந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல.

நாற்பது நிமிடம்.
மேலாளர் பெர்தோட் கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு எங்களை.

அதே வாரம் ஒரு கடிதம்.
அவள் படித்த துறையை மூடலாமா என்று ஆராயும் குழு.
"உங்கள் படிப்பு பணியில் எவ்வளவு உதவியது?
ஒன்று முதல் ஐந்துவரை ஓர் எண் தருக."
அவள் மேசையில் மூன்று நாள் கிடந்தது.
என்ன போட்டாள் என்று நான் கேட்கவில்லை.
எனக்கு வேறொரு தொல்லை:
என் நானூற்றுப் பன்னிரண்டு பேருக்கும்
ஒரே காலையில், எங்கெங்கோ,
வங்கியும் மருந்துக்கடையும் அனுப்புகின்றன
பிறந்தநாள் வாழ்த்து.

வியாழனன்று என் சன்னலில் ஹோதான்,
இத்தாலியம் சுமாராகத் தெரிந்தவள்.
பெயர், ஊர், பிள்ளைகள்.
முதல் ஒன்றை அழுத்திவிட்டேன்.
இரண்டாவதற்கு முன் கை நின்றது.
எனக்குத் தெரிந்தது கணக்கியல் மட்டும்.
"நீங்கள் பிறந்தபோது என்ன பூத்திருந்தது?" என்றேன்,
அசடாக.

சிரித்துவிட்டாள்.
"பூவா? மொகதிஷுவில்,
எங்கள் தெருவில், மரமே கிடையாது.
மின்சாரம் போன இரவு என்பார்கள்."

காற்று கதவைத் தள்ளிப் பார்த்தது.
அந்த ஒன்றை அழித்தேன்.
"எந்த இரவு?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள்.